இசக்கி விதி

“எங்க தெருவோட தாளை எனக்குக் காட்டுங்க மேடம்.”

பத்மஜா மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இந்த ஒன்றை மட்டும் கேட்கவே கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே அவர்தான் எனக்குச் சொன்னார். உலகச் செல்வ அளவை நிலையத்தில் வேலை பார்க்கிறவர் பூமியின் எந்த மூலையில் இருக்கிற வீட்டின் சொத்துக் கணக்குத் தாளையும் எடுத்துப் பார்க்கலாம். தன் வீடு, தன் தெரு, தன் ஊர் மட்டும் கூடாது.

“இஷக்கி,” என்றார். நான்கு வருடமாக என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார். நானும் திருத்தியதில்லை. “உனக்கு ரூல் தெரியும்.”

“தெரியும். அதான் கதவைச் சாத்திட்டு வந்து கேக்குறேன்.”

“என்னம்மா ஆச்சு?”

“எங்க தெருவுல இருபத்திரண்டு வீடு திடீர்னு பணக்கார வீடு ஆயிடுச்சு. எப்படின்னு பாக்கணும்.”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். முன்பெல்லாம் அந்தச் சிரிப்புக்காக நான் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வந்திருக்கிறேன்.

“நாளைக்கு அறிவிப்பு இருக்கு. இடைவெளி சுருங்கியிருக்கு, இஷக்கி. இத்தனை வருஷத்துல முதல் தடவை. அது முடியட்டும், பேசலாம். நீ வேணும்னா ரெண்டு நாள் லீவ் எடுத்துக்கோ.”

நான் லீவ் கேட்கவில்லை.

காலையில் தங்கபுஷ்பம் போன் செய்திருந்தாள். தூத்துக்குடியில் எங்கள் உப்பளத் தெருவில் என்னோடு பத்தாவது வரை படித்தவள். அவள் பத்தாவதோடு உப்பளத்துக்குப் போனாள், நான் கல்லூரிக்குப் போனேன். எங்களுக்குள் வித்தியாசம் அவ்வளவுதான்.

“ஏட்டி இசக்கி, நாங்க பணக்காரங்களாம்லா!”

“என்னட்டி சொல்லுத?”

“நம்ம தெருவுல இருபத்திரெண்டு வீட்டுக்கு மெசேஜ் வந்துருக்கு. ‘வாழ்த்துகள், உங்கள் குடும்பம் உலக நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது. அடுத்த மாதம் முதல் உலகப் பங்கு வழங்கப்படாது.’ வாழ்த்துகள்னு போட்டு பூவெல்லாம் வரைஞ்சிருக்கான். எங்க வீட்டுக்காரரு பீரோவைத் திறந்து திறந்து பாக்காரு, எங்க இருக்குன்னு.”

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“ஒண்ணாந் தேதிலருந்து அளத்துக்குத்தாம் போவணும் போல. கண்டிராக்டர்ட்ட சொல்லிட்டேன்.”

“ஒனக்குக் கண்ணு…”

“தெரியும். இன்னொரு கோடை அந்த வெள்ளைல நின்னா அவ்வளவுதாம்னு டாக்டர் சொல்லிருக்காரு. என்ன செய்யச் சொல்லுத?”

உப்பளத்து வெயில் மேலேயிருந்து மட்டும் வராது. கீழே உப்பிலிருந்தும் வரும். பதினைந்து வருடம் அதைக் குனிந்து பார்த்த கண் அவளுடையது. உலகப் பங்கு வந்த பிறகு, இரண்டு வருடமாக, அவள் அளத்துக்குள் இறங்கவில்லை.

உலகப் பங்கு என்பது இதுதான். பூமியில் உள்ள வீடுகளையெல்லாம் சொத்து மதிப்பில் வரிசையாக நிறுத்தி நடுவில் ஒரு கோடு போடுகிறார்கள். கோட்டுக்குக் கீழே உள்ள வீடுகளுக்கு மாதாமாதம் ஒரு தொகை. அந்தப் பணம் வரிசையின் உச்சியில் இருக்கிற கொஞ்சம் பேர் கட்டும் வரியிலிருந்து வருகிறது. உச்சிக்கும் அடிக்கும் உள்ள இடைவெளி கூடினால் வரி கூடும், சுருங்கினால் குறையும். நாடுகள் கையெழுத்துப் போட்ட உடன்படிக்கை. அளந்து சொல்வது எங்கள் நிலையம்.

அளப்பது ஒரு இயந்திரம். பார்வை என்று பெயர். திட்டம் வந்த புதிதில் தங்கபுஷ்பத்துக்கு அதை நான் விளக்கியிருக்கிறேன்.

“எங்க வீட்டுல என்ன இருக்குன்னு ஒங்க மிஷினுக்கு எப்படிட்டி தெரியும்?”

“போட்டோ பாக்கும். கல்யாண வீடியோ, நீ வைக்கிற ஸ்டேட்டஸ், மேல இருந்து எடுத்த கூரை, எல்லாத்தையும் பாத்து மதிப்புப் போடும்.”

“பெரிய பெரிய முதலாளிமாரு வீட்டையும் இப்படித்தாம் பாக்குமா?”

“அவங்க அவங்களே எழுதிக் கொடுப்பாங்க.”

“நம்மளப் பாத்து எடுக்கும், அவுகளக் கேட்டு எடுக்கும். நல்ல மிஷினு!”

அன்று அவளுக்கு இதெல்லாம் புரியாது என்று நினைத்தேன். நான் புள்ளியியல் முதுகலை. எங்கள் தெருவின் முதல் பட்டதாரி.

இனி சங்கிலியைச் சொல்ல வேண்டும்.

என் அப்பா உப்பு மூட்டை ஏற்றும்போது லாரி பின்னால் நகர்ந்து இறந்தார். வந்த நஷ்டஈட்டில் அம்மா ஐந்து பவுனில் ஒரு சங்கிலி வாங்கினாள். கையில் பணமாக இருந்தால் கரைந்துவிடும் என்றாள். வாங்கினாளே தவிர, அது அவள் கழுத்தில் இருந்து நான் பார்த்தது குறைவு. தெருவில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் முந்தின நாள் பெண்ணின் அம்மா எங்கள் வீட்டுக்கு வருவாள். எதுவும் கேட்க மாட்டாள். அம்மா எடுத்துக் கொடுப்பாள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அந்தப் பெண் கழுத்தில் ஐந்து பவுன் மின்னும், வீடியோவில் ஏறும். மறுவீடு முடிந்து சங்கிலி எங்கள் வீட்டுக்குத் திரும்பிவிடும். யாரும் வெளியே சொன்னதில்லை. இருபத்திரண்டு கல்யாணம். அதில் தங்கபுஷ்பம் கல்யாணமும் ஒன்று.

பார்வைக்குத் தங்கத்தைக் காட்டிக் கொடுத்தது நான். முதல் இரண்டு வருடம் என் வேலையே அதுதான். ஒவ்வொரு படமாகப் பார்த்து இது தங்கம், இது கவரிங், இது இத்தனை பவுன் என்று குறிக்க வேண்டும். கொக்கியைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். மற்றவர்கள் நூறு படத்தில் இருபது தப்பு விட்டார்கள், நான் இரண்டு. அறுபத்தோராயிரம் படங்களுக்கு நான் கைச்சான்று கொடுத்தேன். ஒரு மனிதர் தன் பெருவிரலை வைத்து ‘இது உண்மை’ என்று சொல்லாத எதையும் இயந்திரம் கற்கக் கூடாது என்பது உடன்படிக்கை. அப்படிக் கற்றதை வைத்துப் பார்வை தங்கத்தையும் கணக்கில் சேர்த்தது இந்த வருடம்தான் முதல் முறை.

ஒவ்வொரு படத்துக்கும் கடைசியில் ஒரு கட்டம் உண்டு. ‘யாருடையது?’

ஒரு நாள் தங்கபுஷ்பத்தின் கல்யாணப் படம் என் திரையில் வந்தது. எங்கோ இருந்து எடுத்த அறுபத்தோராயிரத்தில் அதுவும் ஒன்று. தலை குனிந்து நிற்கிறாள், கழுத்தில் எங்கள் சங்கிலி. கட்டம் கேட்கிறது, யாருடையது? அவள் மாமியார் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. ‘அணிந்தவருடையது’ என்று போட்டுப் பெருவிரலை வைத்தேன். இயந்திரத்திடம்கூட அவளைக் காட்டிக் கொடுக்க மனம் வரவில்லை.

அந்தப் பொய் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஏழு மாதத்துக்கு முன்னால் பத்மஜா மேடத்திடம் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். எங்கள் தெரு என்றும், ஒரு சங்கிலி என்றும் எழுதினேன். கழுத்தில் இருப்பதெல்லாம் சொந்தமில்லை, எங்கள் தெரு மட்டுமில்லை, எல்லா ஏழைத் தெருவிலும் இப்படித்தான் இருக்கும் என்று எழுதினேன். அவர் படித்துவிட்டு என் கையைப் பிடித்தார். “இதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேணும்! உன்னை மாதிரி ஒருத்தி இங்க இருக்கணும்னுதான் உன்னை எடுத்தேன். நான் பாத்துக்கறேன்,” என்றார்.

நம்பினேன்.

மேடம் அறையிலிருந்து நேராக கேன்டீனுக்குப் போனேன். ஃபிரோஸ் அங்கே இருந்தான். இயந்திரத்தை ஓட்டுகிறவன் அவன்தான். விஷயத்தைச் சொன்னேன். சுற்றிப் பார்த்துவிட்டுத் தன் டேப்லெட்டை மேசைமேல் சாய்த்து வைத்தான்.

“நான் காட்டல. நீ பாக்கல. டீ ஆறுது, குடி.”

எங்கள் தெரு. இருபத்திரண்டு கழுத்துகள் வரிசையாக. ஒவ்வொன்றிலும் சங்கிலியின் ஒரே வளையத்தில் சிவப்புப் புள்ளி. அந்த வளையம் நசுங்கியிருக்கும். மூன்று வயதில் நான் கடித்தது. கீழே எழுதியிருந்தது: ‘இருபத்து மூன்று வீடுகளிலும் ஒரே பொருள். உறுதி.’

“இருபத்து மூணா?”

ஃபிரோஸ் தள்ளிக் காட்டினான். கடைசிப் படம் நான். நேர்முகத் தேர்வுக்கு அம்மா சங்கிலியைப் போட்டு அனுப்பிய அன்று எடுத்த படம். அதையே என் அடையாள அட்டையில் போட்டார்கள், நிலையத்தின் முகப்பில் ஆள் உயரத்துக்குப் பதாகையாகவும் வைத்தார்கள். சென்னை ஹாஸ்டலில் தனியாக வசிக்கும் இசக்கியம்மாள், ஐந்து பவுன்.

“அப்ப மிஷினுக்குத் தெரிஞ்சிருக்கு. எல்லாம் ஒரே சங்கிலின்னு.”

“அதுக்கு முதல் நாளே தெரியும்.”

“தெரிஞ்சும் இருபத்து மூணு தடவை கூட்டியிருக்கா?”

“அது என்ன பண்ணும்? கீழ படி.”

‘விதி 41 பொருந்தாது. மதிப்பு வரம்புக்குக் கீழே.’

“அது என்ன விதி?”

ஃபிரோஸ் டீக் கோப்பைக்குள் பார்த்தான். “நிஜமாவே தெரியாதா? இங்க எல்லாரும் அதை இசக்கி விதின்னுதான் சொல்றோம். உனக்குத் தெரியும்னு நினைச்சேன்.”

விதியைத் திறந்தான். ‘ஒரே பொருள் பல பேரிடம் தென்பட்டால், உண்மையில் யாருடையது என்று உறுதியாகும்வரை அதை யார் கணக்கிலும் சேர்க்கக் கூடாது.’ ஒரு எழுத்து மாறவில்லை. என் குறிப்பில் நான் எழுதிய வரி. அதற்குப் பக்கத்தில், நான் எழுதாத ஒரு வரி. ‘நூறு கோடிக்கு மேற்பட்ட பொருள்களுக்கு மட்டும்.’

“நூறு கோடிக்கு எவன் சங்கிலி போடுறான்?”

“சங்கிலி இல்ல.” வேறொரு தாளை எடுத்தான். ஏரிக்கரையில் ஒரு மாளிகை. முப்பது அறை, பின்னால் ஒரு மலையே இருந்தது. “இதுல ஒரே ஒரு ஆள்தான் இருக்கார். ஆனா ஓனர்னு முப்பத்துநாலு கம்பெனி. ஒண்ணு இன்னொண்ணுக்குச் சொந்தம், அது மூணாவதுக்குச் சொந்தம். யாருதுன்னு உறுதியாகல. அதனால உன் விதிப்படி யார் கணக்குலயும் சேராது.”

“அப்ப இந்த வீட்டு மதிப்பு?”

“பூஜ்யம். அந்த ஆள் இரவல் வீட்டுல இருக்கார்.”

“இது மாதிரி எத்தனை?”

“மேல் தட்டோட சொத்துல பத்துல மூணு பங்கு இந்த வருஷம் காணோம், இசக்கி. மேல குறைஞ்சுது, கீழ உங்க சங்கிலி மாதிரி கூடிச்சு. ரெண்டும் சேந்து இடைவெளி சுருங்கிடுச்சு. நாளைக்குக் கை தட்டப் போறது இதுக்குத்தான். வரியும் பாதியாகும்.”

என் தெரு வெட்கப்பட்டு மறைத்த ஒன்றை நம்பி ஒருத்தியிடம் சொன்னேன். அவள் அதைக் கொண்டுபோய் மாளிகைக்காரனுக்குச் சட்டையாகத் தைத்துக் கொடுத்திருக்கிறாள். மிச்சத் துணியில்கூட எங்களுக்கு ஒன்றும் இல்லை.

“ஆட்சேபம் போடலாம்ல?” என்றான் ஃபிரோஸ். “அந்த இருபத்திரண்டு பேரும் ‘சங்கிலி எங்களுது இல்ல’ன்னு எழுதிக் கொடுத்தா நீக்கிடுவாங்க. பொதுப் பலகைல பேரோட வரும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதானாம்.

மாடிப்படியில் நின்று அம்மாவைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

“எழுதுவாளுவளாட்டி?” என்றாள். “தங்கபுஷ்பத்தோட மாமியாக்காரி போன வாரங்கூடக் கேட்டிருக்கா, நீ போட்டுட்டு வந்த சங்கிலி எங்கன்னு. எங்க அம்மை வீட்டுல பத்திரமா இருக்குன்னு எட்டு வருசமாச் சமாளிக்கா. பேரு போட்டு ஊருக்கே காட்டுனா அவ அந்த வீட்டுல இருக்க முடியுமா?”

“கண்ணு போயிருமேம்மா.”

“தெரியும். நான் பாக்கலையா அவ தட்டுத் தடுமாறி நடக்கத?” “நம்ம வீட்ட விட்ரு. நமக்குச் சங்கிலி இருக்கு, சம்பாதிக்க நீ இருக்க, நம்மள வெட்டுனா ஞாயந்தான். அந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது வழி பாரு. ஆனா அதுக பேரு வெளிய வரக் கூடாது. யார்ட்டயும் சொல்ல மாட்டேம்னு சொல்லித்தான் ஒவ்வொருத்திக்கும் கொடுத்தேன்.”

“எம்மா, நான் ஒருத்தர்ட்ட சொல்லிட்டேன்.”

“யார்ட்ட?”

“எங்க மேடத்துட்ட. பேரு சொல்லல. நம்ம தெருன்னு மட்டும்.”

அம்மா திட்டுவாள் என்று பார்த்தேன்.

“அவுக என்ன சொன்னாவ?”

“நான் பாத்துக்கறேன்னாங்க.”

“பாத்துக்கிட்டாவளா?” என்றாள். கேலியா, நிஜமான கேள்வியா என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டாள்.

படியில் உட்கார்ந்து நிலையத்தின் விதிப் புத்தகத்தைத் திறந்தேன். எனக்குத் தேவைப்பட்டது ஒரு பத்தி. கைச்சான்று கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறலாம். அப்படிப் பெற்றால், அந்தக் கையை நம்பி இயந்திரம் கற்ற அத்தனையும் நிறுத்தி வைக்கப்படும். மறு அளவு முடியும்வரை போன வருடப் பட்டியலே செல்லும். யாரும் இதுவரை செய்ததில்லை. செய்தால் வேலை போகும், பொய்ச் சான்றுக்கு வழக்கு வரும்.

என் இருக்கைக்குப் போனேன். எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அனுப்பிவிட்டு, பத்மஜா மேடத்தின் கதவைத் தட்டினேன்.

“தாளைப் பாத்துட்டேன்,” என்றேன். “விதியையும் பாத்தேன். என் பேர்ல இருக்கே, அதை.”

யார் காட்டியது என்று அவர் கேட்கவில்லை. எழுந்து வந்து எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நீ கோவமா இருக்கே. புரியுது. நான் உன் குறிப்பை அப்படியே குழுவுக்கு வெச்சேன். வரம்பு போட்டது அவங்க. சின்னச் சின்னப் பொருளையெல்லாம் விசாரிக்க ஆள் இல்லைன்னாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஏதோ ஒரு வடிவத்துல விதி வரட்டும்னு நினைச்சேன்.”

“கையெழுத்துப் போட்டீங்களா?”

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

“உங்க தெருவை இன்னைக்கே சரி பண்ணித் தரேன்,” என்றார். குரல் தாழ்ந்தது. “இருபத்திரண்டு வீட்டையும் கீழ இறக்கிடலாம். ஆட்சேபம் வேண்டாம், யார் பேரும் வெளிய வராது. நான் பொறுப்பு.”

அந்த ஒரு நிமிடம் எனக்குத் தங்கபுஷ்பத்தின் கண் மட்டும்தான் தெரிந்தது. பொய் சொல்லக் கூடாது, ஆசையாக இருந்தது.

“பக்கத்துத் தெருவுலயும் இப்படி ஒரு சங்கிலி கழுத்து மாறிக்கிட்டிருக்கு, ரோஸ்மேரி வீட்டுது மேடம். அதைப் போட்டவங்களை யார் இறக்குவா?”

“எல்லாரையும் நீ காப்பாத்த முடியாது, இஷக்கி.”

“இசக்கி. ஷ இல்ல.” அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். “என் கைச்சான்றைத் திரும்ப வாங்கிட்டேன். ‘ஒரு படத்துல, யாருடையதுங்குற கட்டத்துல, தெரிஞ்சே பொய் எழுதினேன்’னு எழுதியிருக்கேன்.”

அவர் முகம் மாறியது. ஆனால் சட்டென்று சுதாரித்தார். படித்தவர், வழி கண்டுபிடித்துவிட்டார். “ஒரு படம்தானே? எதுன்னு சொல்லு. அதை மட்டும் எடுத்துடலாம். மீதி அறுபதாயிரம் நிக்கும்.”

“எதுன்னு சொல்ல மாட்டேன்னும் எழுதியிருக்கேன்.”

எது பொய் என்று தெரியாவிட்டால் அறுபத்தோராயிரமும் சந்தேகம். தங்கம் தெரிந்த எல்லாக் கழுத்தும் சந்தேகம். நாளைய அறிவிப்பு இல்லை. வரி குறையாது. போன வருடப் பட்டியலில் தங்கபுஷ்பம் இருக்கிறாள். அவள் பேர் எதிலும் இல்லை.

“முட்டாள்தனம்,” என்றார். “இந்த வருஷம் புதுசா உள்ள வர வேண்டிய எழுபது லட்சம் வீடு இருக்கு. மறு அளவு முடிய எட்டு மாசம். அவங்க காத்திருக்கணும். வெள்ளத்துல வீடு போனவங்க இருக்காங்க அதுல. அது பாவம் இல்லையா?”

அது எனக்குத் தெரியும். படியில் உட்கார்ந்திருந்தபோது அந்த எண்ணைத்தான் முதலில் பார்த்தேன்.

“பாவந்தான். அதுல எனக்கும் பங்கு இருக்கு. உங்க பங்கு எவ்வளவுன்னு நீங்களே அளந்துக்கோங்க. அளக்கத் தெரிஞ்சவங்கதானே.”

“உன் மேல கேஸ் போடுவாங்க. இனி எங்கயும் உனக்கு வேலை கிடைக்காது. இவ்வளவு தூரம் படிச்சு வந்தது இதுக்கா? கொஞ்சம் யோசி. இன்னும் அனுப்பலைன்னா…”

“உங்க கிட்ட அனுமதி கேக்க வரல மேடம். உங்க வாயால ஒரு தடவை ‘தப்பு’ன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

அவர் வாயைத் திறக்குமுன் மேசையில் இருந்த போன் அடித்தது. எடுக்கவில்லை. கையிலிருந்த போனும் அடிக்கத் தொடங்கியது. நான் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தேன்.

கீழே முகப்பில் என் பதாகை நின்றது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, புதுச் சட்டை, அம்மாவின் சங்கிலி. நசுங்கிய வளையம்கூடத் தெரிந்தது. சங்கிலி இப்போது எங்கள் வீட்டில் இல்லை. வெள்ளிக்கிழமை கல்யாணப் பெண்ணுக்குப் போயிருக்கிறது. இந்த வீடியோவையும் பார்வை பார்க்கும். பார்க்கட்டும்.

வாசலில் காவலாளி, “என்னம்மா, அட்டையைக் காணோம்?” என்றார்.

“மேலயே வெச்சுட்டேன் அண்ணே.”

“போய் எடுத்துட்டு வாங்க. அது இல்லாம திரும்ப உள்ள விட மாட்டாங்க.”

“வேண்டாம்,” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தேன்.